மினி எக்ஸ்கவேட்டர் ரப்பர் ட்ராக் தொல்லைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தென்னந்தோப்புகளிலும் பைப் லைன் வேலைகளிலும் மினி எக்ஸ்கவேட்டர் (மண் தோண்டும் சிறிய வண்டி) ஓட்டினேன். இப்போது அதே வண்டிகளுக்கு அண்டர்கேரேஜ், அதாவது ட்ராக்கும் அதைச் சுற்றும் சக்கரங்களும் உள்ள அடிப்பாக வேலை பார்க்கிறேன். எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் நம் ஊரில் அதற்கு ‘மினி ஹிட்டாச்சி’ என்றுதான் பெயர். ஆபரேட்டர்களும் ஓனர்களும் போனில் கேட்கும் சந்தேகங்கள் மாறுவதே இல்லை என்பதால், கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். எல்லாம் 1.5 டன் முதல் 3.5 டன் வரையிலான வண்டிகளுக்கானவை.

பாகங்களின் பெயரை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். மண் தள்ளும் பிளேடு இருக்கும் பக்கம் வண்டியின் முன்பக்கம். அங்கே உருளும் பல் இல்லாத பெரிய சக்கரம் ஐட்லர். பின்னால் பல் வைத்த சக்கரம் ஸ்ப்ராக்கெட். வண்டியை நகர்த்தும் டிராவல் மோட்டார் இதைத்தான் சுற்றுகிறது. இரண்டுக்கும் நடுவே கீழே வரிசையாக இருப்பவை ரோலர்கள். இவை எல்லாவற்றையும் சுற்றி ஓடும் ரப்பர்ப் பட்டைதான் ட்ராக்.

1. ரப்பர் ட்ராக்குக்குள்ள என்னங்க இருக்கு? முழுக்க ரப்பர்தானா?

இல்லை. வெளியே தெரிவது ரப்பர், பாரம் சுமப்பது உள்ளே இருக்கும் இரும்பு. ட்ராக்கின் சுற்று முழுக்க எஃகுக் கம்பி வடங்கள் ஓடுகின்றன; ட்ராக் நீளாமல் இழுவையைத் தாங்குவது அவை. குறுக்கே சம இடைவெளியில் இரும்புக் கட்டைகள் பதிந்திருக்கும். ஸ்ப்ராக்கெட்டின் பல் இந்தக் கட்டைகளைப் பிடித்துத்தான் இழுக்கிறது. கட்டையிலிருந்து உள்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கொம்புகள் ரோலர் பக்கவாட்டில் நழுவாமல் பார்த்துக்கொள்ளும்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. ரப்பர் தேய்ந்தால் பிடிமானம் குறையும், ஆனால் வேலை ஓடும். கம்பி வடம் துருப்பிடித்து அறுந்துவிட்டாலோ, இரும்புக் கட்டை கழன்று விழுந்துவிட்டாலோ அந்த ட்ராக் முடிந்தது. கீழே வரும் பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

2. டென்ஷன் சரியா இருக்கான்னு எப்படிங்க பார்க்கறது? மேல மிதிச்சுப் பார்த்தா போதுமா?

ட்ராக்கின் இறுக்கத்தைத்தான் டென்ஷன் என்கிறோம். மிதித்துப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, மேல்பாகத்தைப் பக்கவாட்டில் 90 டிகிரி திருப்புங்கள். பூமுக்கும் (வண்டியோடு சேர்ந்த பெரிய கை) ஆர்முக்கும் (அதன் நுனியில் பக்கெட்டைத் தாங்கும் கை) இடையே 90 முதல் 110 டிகிரி கோணம் இருக்கும்படி பக்கெட்டின் வளைந்த முதுகைத் தரையில் வைத்து அழுத்தினால், அந்தப் பக்க ட்ராக் மேலே தூக்கும். தூக்கியதும் ட்ராக் ஃபிரேமுக்கு அடியில் கனமான மரக்கட்டை கொடுத்துவிடுங்கள். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையோ காலோ விடாதீர்கள். ஒரு ஹோஸ் வெடித்தால் வண்டி அப்படியே உட்கார்ந்துவிடும்.

தூக்கிய ட்ராக்கை மெதுவாக இரண்டு சுற்று விட்டு மண்ணை உதிர்த்துவிடுங்கள். பல ட்ராக்குகளில் வளையம் இணையும் இடத்தில், எட்டைப் படுக்க வைத்தது போல ஒரு குறி இருக்கும். அந்த இடம் மேலே, ஐட்லருக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில் வரும்படி நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு அளக்க வேண்டும். நடு ரோலரின் அடிப்பக்கத்துக்கும் தொங்கும் ட்ராக்கின் உள்பக்கத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்பதுதான் அளவு. இந்த அளவு வண்டிகளில் பெரும்பாலும் 10 முதல் 20 மி.மீ.க்குள் கேட்பார்கள், பல மாடல்களில் 10 முதல் 15 மி.மீ. உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே கடைசி வார்த்தை.

ஸ்கேல் எப்போதும் கையில் இருக்காது. உங்கள் வண்டிக்கான கனத்தில் ஒரு மரத்துண்டைச் சீவி, சாவியோடு கட்டி வைத்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் கண்ணால் ஒரு பார்வை, 50 மணி நேரத்துக்கு ஒருமுறை இந்த அளவு. இது ஒன்றைச் செய்தாலே பாதித் தொல்லை வராது.

3. டைட்டா வெச்சா கழறாதுல்ல? ரெண்டு அடி சேர்த்து அடிச்சுடறேனே?

வேண்டாம். ட்ராக்கை இறுக்குவது கிரீஸ் அடித்துத்தான்; கழன்றுவிடுமோ என்ற பயத்தில் கிரீஸ் கன்னில் கூடுதலாக அடிப்பவர்கள்தான் அதிகம். இறுக்கம் கூடினால் கம்பி வடம் எப்போதும் இழுபட்டே இருக்கும். ஐட்லர், ரோலர் பேரிங்குகளுக்கும் டிராவல் மோட்டாருக்கும் பாரம் ஏறும். ஸ்ப்ராக்கெட் பல் சீக்கிரம் தேயும். வண்டி நகரவே சிரமப்படும், டீசலும் கூடுதலாகக் குடிக்கும். லூசாக ஓட்டினால் ஒருநாள் ட்ராக் கழறும், மாட்டிக்கொள்ளலாம். டைட்டாக ஓட்டினால் எல்லாப் பாகமும் சத்தமில்லாமல் தேய்ந்துகொண்டிருக்கும்.

4. லூஸ் பண்ணணும்னா அந்த நிப்பிளைக் கழட்டிட்டா போதுமா அண்ணா?

இந்தப் பதிலை மட்டும் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். ட்ராக்கை இறுக்குவது ஒரு சிலிண்டருக்குள் அடைபட்ட கிரீஸ். அதன் பின்னால் வலுவான ஸ்பிரிங் ஒன்று அழுத்திக்கொண்டிருக்கிறது. உள்ளே இருக்கும் அழுத்தம் மிக அதிகம். நிப்பிள் உட்காரும் வால்வை முழுசாகக் கழற்றினால் அது துப்பாக்கிக் குண்டு போலப் பறக்கும், பின்னாலேயே கிரீஸ் பீறிட்டு வரும்.

ஸ்பேனரை மெதுவாகத் திருப்புங்கள். ஒரு சுற்றுக்கு மேல் எந்தக் காரணத்துக்காகவும் தளர்த்தக் கூடாது. முகத்தையும் உடம்பையும் வால்வுக்கு நேராக வைக்காமல் பக்கவாட்டில் நின்று செய்யுங்கள். கிரீஸ் வெளியே வரவில்லை என்றால் இன்னும் தளர்த்தாதீர்கள். தூக்கிய ட்ராக்கைக் கொஞ்சம் முன்னும் பின்னும் சுற்றினால் வரும். அப்போது வால்வுப் பக்கம் யாரும் நிற்கக் கூடாது.

அழுத்தத்தோடு வந்த கிரீஸ் தோலுக்குள் புகுந்தால் வெளியே ஊசி குத்திய அளவு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே சதை அழுக ஆரம்பித்துவிடும். துடைத்துவிட்டு வேலையைத் தொடராமல் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போய், “அழுத்தத்தோடு கிரீஸ் உள்ளே போய்விட்டது” என்று சொல்லுங்கள். விரலைக் காப்பாற்றுவது அந்தச் சில மணி நேரம்தான்.

5. காலைல டைட் பண்றேன், சாயங்காலம் தொங்குது. கிரீஸ் எங்க போகுது?

எங்கே போகிறது என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது. வால்வைச் சுற்றியுள்ள இடத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். வால்வு வாயில் புதுக் கிரீஸ் தெரிந்தால் வால்வோ நிப்பிளோ உட்காரும் இடத்தில் அழுக்கு இருக்கிறது, அல்லது தேய்ந்திருக்கிறது. அதை மாற்றினால் போதும், செலவு குறைவு. ஐட்லர் பக்கம் ஃபிரேமுக்குள்ளிருந்து கிரீஸ் கசிந்தால் சிலிண்டர் சீல் போய்விட்டது. சிலிண்டரை வெளியே எடுத்துத்தான் மாற்ற வேண்டும்.

சிலருக்கு வேறு மாதிரி. கிரீஸ் உள்ளே போகவே போகாது, கன்னில்தான் பிதுங்கும். நிப்பிள் அடைத்திருக்கலாம். அல்லது ஐட்லர் நகரும் பாதையில் மண் இறுகி, அது முன்னால் வர முடியாமல் இருக்கலாம். கடப்பாரையால் அந்த மண்ணை முதலில் தட்டி எடுங்கள். உள்ளே ஸ்பிரிங் சிலிண்டரைப் பிரிக்கும் வேலையை மட்டும் பட்டறைக்கு விட்டுவிடுங்கள். சுருங்கி நிற்கும் அந்த ஸ்பிரிங் ஆளைக் கொல்லும் வலு உள்ளது.

6. வாரம் ஒரு தடவையாவது ட்ராக் கழண்டுடுது. ட்ராக்கையே மாத்திடலாமா?

இப்போதே மாற்றாதீர்கள். கழலும் ட்ராக்கில் பெரும்பாலும் குற்றவாளி ட்ராக் இல்லை. முதலில் டென்ஷன், 2-ஆம் பதிலின்படி அளந்து, சரியான அளவில் வைத்து இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகும் கழன்றால், ட்ராக்கைத் தளர்த்திவிட்டு ஒவ்வொரு ரோலரையும் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகிப் போய்ச் சுற்றாத ரோலர் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருக்கும். ஆடும் ரோலரில் பேரிங் போயிருக்கும். பக்கவாட்டில் எண்ணெய் வழிந்த தடம் இருந்தால் சீல் போய்விட்டது என்று பொருள். ஐட்லரைக் கடப்பாரையால் நெம்பிப் பாருங்கள், பக்கவாட்டில் அதிகம் ஆடக் கூடாது. ஸ்ப்ராக்கெட் பல் சுறா மீனின் முதுகுத் துடுப்பு போலக் கூர்மையாகச் சாய்ந்திருந்தால் அதன் காலம் முடிந்தது. கடைசியாக ட்ராக்கின் உள்பக்கக் கொம்புகளைப் பாருங்கள். உடைந்தோ வழித்தோ போயிருந்தால் மட்டுமே குற்றம் ட்ராக்குடையது.

இவை எல்லாம் நன்றாக இருந்தும் கழன்றால் ஓட்டும் விதத்தைக் கவனிக்க வேண்டும். தோப்பு வரப்பையோ வாய்க்கால் கரையையோ சாய்வாக ஏறினால் ஒரு ட்ராக்கின் மேல் பக்கவாட்டுப் பாரம் முழுக்க விழும். நேர்க்குத்தாக ஏறி நேராகவே இறங்குங்கள். சரிவில் நின்ற இடத்திலேயே திரும்பக் கூடாது. இளகிய மண்ணில் ஒரு ட்ராக்கை நிறுத்தி மற்றதை மட்டும் சுற்றித் திருப்பினால், மண் பக்கவாட்டில் குவிந்து ட்ராக்குக்குள் புகுந்து கொம்பை ரோலரிலிருந்து தூக்கிவிடும். கொஞ்சம் திரும்பி, நேராகப் போய், மறுபடி கொஞ்சம் திரும்புவதுதான் நல்ல பழக்கம்.

7. பின்பக்கமாவே ரொம்ப தூரம் ஓட்டினா ட்ராக்குக்கு ஆகாதுங்கறாங்களே, நிஜமா?

நிஜம். முன்னால் போகும்போது ஸ்ப்ராக்கெட் பின்னால் இருந்து தரையைத் தொடும் பகுதியை இழுக்கிறது, மேல்பகுதி இளைப்பாறுகிறது. பின்னால் போகும்போது அதே இழுவை மேலே சுற்றி ஐட்லர் வழியாக வருகிறது. அதனால் தேய்மானமும் கூடும், கழலும் வாய்ப்பும் கூடும். வேலைக்கு நடுவே பத்தடி இருபதடி போவதில் பிரச்சினை இல்லை. தோப்பின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை அப்படி ஓட்டாதீர்கள்.

மேல்பாகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தால் எது முன், எது பின் என்றே குழம்பிவிடும். ஸ்ப்ராக்கெட் எங்கே என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு லிவரைத் தள்ளுங்கள்.

8. தோப்புக்குள்ள ட்ராக் கழண்டுடுச்சு. நான் ஒரே ஆளு. எப்படி மாட்டறது?

முதலில் இன்னொருவரைக் கூப்பிடுங்கள். இந்த வேலையில் ஒருவர் சீட்டில் இருக்க, ஒருவர் கீழே நிற்க வேண்டும். தனியாக லிவரைத் தட்டிவிட்டு ஓடி வந்து ட்ராக்கைத் தள்ளியவர்கள் விரலை இழந்திருக்கிறார்கள். சரிவில் கழன்றிருந்தால் பக்கெட்டால் ஊன்றி இழுத்துச் சமதளத்துக்கு வந்துவிடுங்கள்.

அந்தப் பக்கத்தைத் தூக்கி, கட்டை கொடுத்து, 4-ஆம் பதிலில் சொன்னபடி கிரீசை விட்டு ஐட்லரை உள்ளே தள்ளுங்கள். தள்ளினாலும் போகவில்லை என்றால் ஐட்லருக்குப் பின்னால் மண் அடைத்திருக்கிறது. அதைச் சுரண்டாமல் மேலே போக முடியாது. ட்ராக்கின் உள்பக்கம், ரோலர், ஸ்ப்ராக்கெட் எல்லாவற்றிலும் கல்லோ குச்சியோ இல்லாமல் துடைத்துவிடுங்கள்.

முதலில் ஸ்ப்ராக்கெட் பக்கம் மாட்ட வேண்டும், பற்கள் ட்ராக்கின் ஓட்டைகளில் சரியாக உட்கார வேண்டும். பிறகு ஐட்லர் பக்கம் எவ்வளவு ஏறுமோ அவ்வளவு ஏற்றுங்கள். ஐட்லருக்குச் சற்றுப் பின்னால், ட்ராக்கின் கீழ்ப்பகுதியின் உள்பக்கத்தில் ஒரு கனமான இரும்புப் பைப்பைக் குறுக்காக வைத்து, கீழே நிற்பவர் விலகிய பிறகு, சீட்டில் இருப்பவர் ட்ராக்கைப் பின்பக்கமாக மிக மெதுவாகச் சுற்றட்டும். பைப் ஐட்லருக்கு அடியில் போகும்போது ட்ராக் ஐட்லரிலிருந்து விலகித் தூக்கும். அங்கே நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, கடப்பாரையால் பக்கவாட்டில் தள்ளினால் கொம்பு உள்ளே ஏறிவிடும். ட்ராக் சுற்றும்போது பைப்பையோ கடப்பாரையையோ கையில் பிடித்திருக்கக் கூடாது.

உட்கார்ந்ததும் எதிர்ப்பக்கம் மெதுவாகச் சுற்றிப் பைப்பை எடுத்துவிட்டு, வால்வை இறுக்கி, கிரீஸ் அடித்து, டென்ஷன் அளவு வையுங்கள். முன்னும் பின்னும் சில மீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி ஒருமுறை அளந்துவிடுங்கள்.

9. நடக்கும்போது ‘டக்கு டக்கு’ன்னு சத்தம் வருது. எங்க இருந்துன்னே தெரியல.

சாக்பீஸ் எடுத்து ட்ராக்கில் ஒரு கோடு, ஸ்ப்ராக்கெட்டில் ஒரு கோடு போடுங்கள். வண்டியைத் தூக்கி அந்தப் பக்கத்தை மெதுவாகச் சுற்றவிட்டு, தள்ளி நின்று கவனியுங்கள். ட்ராக்கின் கோடு ஒரு சுற்று வரும்போது ஒரே ஒரு சத்தம் வந்தால் ட்ராக்கில் ஒரு இடத்தில் இரும்புக் கட்டை உடைந்திருக்கிறது, இல்லாவிட்டால் விலகியிருக்கிறது. ஸ்ப்ராக்கெட் சுற்றுக்கு ஒருமுறை வந்தால் ஏதோ ஒரு பல்லில் குறை, அல்லது பற்களுக்கிடையே கல். ஒவ்வொரு பல்லுக்கும் சத்தம் வந்தால் பல் தேய்ந்திருக்கும், அல்லது ட்ராக்கின் பிட்ச் பொருந்தவில்லை (15-ஆம் கேள்வியைப் பாருங்கள்).

தூக்கிச் சுற்றும்போது சத்தமே இல்லாமல், பாரத்தோடு மேடு ஏறும்போது மட்டும் வந்தால் ட்ராக் லூசாகப் பல் தாண்டுகிறது. இது நாளைக்குக் கழறப்போகும் ட்ராக்.

10. நேரா விட்டா வண்டி இடது பக்கமா ஓடுது. மோட்டார் போச்சுன்னு சொல்றாங்க, பயமா இருக்கு.

மோட்டாருக்குப் போகும் முன் மூன்று விஷயம் பாருங்கள். இரண்டு பக்க டென்ஷனும் ஒன்றாக இருக்கிறதா? ஒரு பக்கம் மிக இறுக்கமாக இருந்தால் அந்தப் பக்கம் பின்தங்கும், வண்டி அந்தப் பக்கமே இழுக்கும். இரண்டாவது, லிவரிலிருந்து வால்வுக்குப் போகும் ராடு. பல சிறிய வண்டிகளில் லிவர் நேரடியாக வால்வை இழுக்கிறது. ராடின் நட் தளர்ந்தோ அதன் முனை தேய்ந்தோ இருந்தால் ஒரு பக்க வால்வு முழுசாகத் திறக்காது. மூன்றாவது, ஆமை வேகத்தில் நேராகப் போய் முயல் வேகத்தில் மட்டும் இழுக்கிறதா? அப்படியென்றால் ஒரு மோட்டார் இரண்டாவது வேகத்துக்கு மாறவில்லை. குறை அந்த வேகம் மாற்றும் லைனிலோ மோட்டாரின் அந்தப் பாகத்திலோ இருக்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால், தெரிந்த மெக்கானிக்கை வைத்து, வால்விலிருந்து இறங்கும் டிராவல் ஹோஸ்களை இடது வலது மாற்றி மாட்டிப் பாருங்கள். குறை மறுபக்கத்துக்குப் போனால் பம்ப் அல்லது வால்வு. அதே பக்கம் நின்றால் நடுவில் இருக்கும் ஸ்விவல் ஜாயின்ட், அல்லது மோட்டார். இந்த ஒரு சோதனை செய்யாமல் மோட்டாரை விலைக்கு வாங்காதீர்கள்.

11. ஒரு பக்கம் சுத்தவே மாட்டேங்குது. ஆயில் எல்லாம் சரியாத்தான் இருக்கு.

கண்ணால் பார்க்க முடிந்ததை முதலில் பாருங்கள். ஸ்ப்ராக்கெட்டுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே ஒரு முஷ்டியளவு கல்லோ முறுக்கிய கம்பியோ சிக்கினால் போதும். தூக்கிப் பார்த்தால் பாரமில்லாமல் சுற்றுகிறது, இறக்கினால் நிற்கிறது என்றால் மோட்டாரில் உள்கசிவு இருக்கலாம். முந்தைய பதிலில் சொன்ன ஹோஸ் சோதனை இங்கும் உதவும்.

ஃபைனல் டிரைவின் (டிராவல் மோட்டாரோடு சேர்ந்த கியர் பெட்டி) ஆயில் பிளக்கையும் திறந்து பாருங்கள். எண்ணெயில் வெள்ளித்தூள் மாதிரி மின்னினால் கியர் அரைபடுகிறது. இருக்க வேண்டியதைவிட அதிகமாக, மெல்லிய எண்ணெய் கொட்டினால் மோட்டார் சீல் போய் ஹைட்ராலிக் ஆயில் உள்ளே வந்துவிட்டது. சீல் மாற்றும்போது ட்ரெயின் லைன் (மோட்டாருக்குள் கசியும் எண்ணெயை டேங்குக்குத் திருப்பும் குழாய்) அடைத்திருக்கிறதா, மடங்கியிருக்கிறதா என்று கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். அதைச் சரிசெய்யாமல் சீலை மட்டும் மாற்றினால் மறுபடி போகும்.

12. ட்ராக்ல வெட்டு விழுந்துடுச்சு. பஞ்சர் கடைல ஒட்டிக்கலாமா?

வெட்டின் ஆழத்தைப் பொறுத்தது. ரப்பர் மட்டும் கிழிந்து உள்ளே கம்பி தெரியவில்லை என்றால் அப்படியே ஓட்டலாம். தொங்கும் துண்டைக் கத்தியால் சுத்தமாக வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் எதிலாவது மாட்டி இன்னும் பிய்யும். கம்பி லேசாகத் தெரிந்தால், கழுவி நன்றாகக் காயவைத்து, குளிர் வல்கனைசிங் பசையும் (சூடாக்காமல் ஒட்டும் ரப்பர்ப் பசை) ரப்பரும் கொண்டு மூடலாம். அது வலு சேர்க்காது, ஈரம் உள்ளே போவதைத் தாமதப்படுத்தும். அதற்கு மட்டும் அதை நம்புங்கள்.

கம்பி வடம் அறுந்து முள்ளு முள்ளாக வெளியே நீட்டினால் ஒட்டுவதில் பயனில்லை. அப்படிப்பட்ட ட்ராக்கோடு கிணற்று ஓரத்திலோ ஆழமான குழிப் பக்கத்திலோ வேலை செய்யாதீர்கள். ட்ராக் அறுந்தால் வண்டி நின்ற இடத்திலேயே ஒரு பக்கம் திரும்பிவிடும்.

சீமைக்கருவேலம் வெட்டிய காட்டில்தான் இந்த வெட்டுகளை அதிகம் பார்க்கிறேன். சாய்வாக வெட்டிய அடிக்கட்டை ஈட்டி மாதிரி நிற்கும். பக்கெட்டால் வேரோடு பறித்துவிட்டு அப்புறம் ஏறுங்கள்.

13. மேல சின்னச் சின்னதா வெடிப்பு வந்திருக்கு, ஓரமும் பிய்யுது. ஆபத்தா?

வெயிலில் நின்ற ரப்பரில் மேலோட்டமான வெடிப்பு வரத்தான் செய்யும். நகம் இறங்காத ஆழமென்றால் பயப்பட வேண்டாம். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் நிழலில் நிறுத்துங்கள், மாதம் ஒருமுறை எஞ்சினைப் போட்டு நாலடி நகர்த்துங்கள்.

ஓரம் பிய்வது சுவர், தளக்கட்டு, சிமென்ட் வாய்க்கால் விளிம்பு இவற்றில் உரசியதால். இரண்டு ட்ராக்கிலும் வெளி ஓரம் பிய்ந்தால் ஓட்டுபவரிடம் பேசுங்கள். ஒரே ட்ராக்கில் உள் ஓரம் மட்டும் பிய்ந்தால் ஐட்லரோ ரோலரோ வளைந்து நிற்கிறது.

14. தம்பி, எங்களுது கரிசல் காடு. மழை பேஞ்சா ட்ராக் பூரா மண்ணு அப்பிக்குது. பையன் அப்படியே நிறுத்திட்டு வந்துடறான். அதனால ஏதும் ஆகுமா?

ஆகும் அம்மா. ஈரமாக இருக்கும்போது வெண்ணெய் மாதிரி இருக்கும் கரிசல், காய்ந்தால் கல். ரோலருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே காய்ந்துவிட்டால் மறுநாள் காலையில் ரோலர் சுற்றாது. ட்ராக் அதன்மேல் தேய்ந்துகொண்டே ஓடும். ரோலர் தட்டையாவது இப்படித்தான். மாலையில் வேலை முடிந்ததும் ஒவ்வொரு பக்கமாகத் தூக்கி முன்னும் பின்னும் சுற்றவிட்டால் பாதி மண் தானே விழும். மிச்சத்தை மண்வெட்டியால் எடுக்கக் கால் மணி நேரம் போதும். தம்பிக்கு அந்தக் கால் மணி நேரத்தையும் சேர்த்துக் கூலி கணக்குப் போட்டுக் கொடுங்கள், செய்துவிடுவார்.

ஒன்று கூடுதலாக: ஸ்ப்ராக்கெட்டில் மண் அப்பும்போது அதன் சுற்றளவே பெரிதாகி ட்ராக் தானாக இறுகும். சேற்றில் வேலை என்றால் டென்ஷனைக் கையேட்டு அளவின் தளர்ந்த எல்லையில் வையுங்கள். காய்ந்த நிலத்துக்கு வந்ததும் திரும்ப அளக்க மறக்காதீர்கள்.

உப்பும் உரமும் இதைவிட மோசம். தூத்துக்குடி, வேதாரண்யம் பக்கம் உப்பளத்தில் ஓடும் வண்டியும், உரம் கொட்டிக் கிடக்கும் இடத்தில் ஓடிய வண்டியும் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவப்பட வேண்டும். இரும்புக் கட்டையையும் ரப்பரையும் சேர்த்திருக்கும் பிணைப்பை அவை அரித்துவிடும். டீசல், கிரீஸ், ஹைட்ராலிக் ஆயில் பட்டாலும் துடைத்துவிடுங்கள். ரப்பர் ஊறி மென்மையாகிவிடும்.

15. கடைல ட்ராக் நம்பர் கேக்கறாங்க. அந்த நம்பருக்கு என்ன அர்த்தம்?

230×48×66 என்று இருந்தால், அகலம் 230 மி.மீ., ஒரு இரும்புக் கட்டையிலிருந்து அடுத்ததுக்கு உள்ள தூரம் (பிட்ச்) 48 மி.மீ., மொத்தம் 66 கட்டைகள். குபோட்டா யு17 மாதிரி சிறிய வண்டிகளில் இந்த அளவு வரும். 48-ஐ 66-ஆல் பெருக்கினால் 3168 மி.மீ.; அதுதான் ட்ராக்கின் முழுச் சுற்றளவு.

இப்போது 230×72×43 என்ற ட்ராக்கைப் பாருங்கள். சுற்றளவு 3096 மி.மீ., அகலம் அதே 230. பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் பிட்ச் 72 என்பதால் 48-க்கான ஸ்ப்ராக்கெட்டில் பல் உட்காரவே உட்காராது. மூன்று எண்ணும் பொருந்தினால் மட்டும் வாங்குங்கள். சில அளவுகளில் எண்ணோடு என், டபிள்யூ, கே என்று எழுத்தும் வரும். அது உள்பக்கக் கொம்புகளின் அமைப்பைச் சொல்கிறது, அதையும் விட்டுவிடக் கூடாது.

எழுத்து அழிந்திருந்தால் பத்து பிட்ச் தூரத்தைச் சேர்த்து அளந்து பத்தால் வகுங்கள். ஒன்றை மட்டும் அளந்தால் தவறு வரும். ஒரு கட்டையில் சாக்பீஸ் குறி போட்டு எண்ணத் தொடங்கி, இரண்டு முறை எண்ணுங்கள். கொம்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியையும் குறித்து, பழைய ட்ராக்கின் உள்பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

16. ஒரு ட்ராக் எத்தனை மணி நேரம் ஓடணும்?

வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு 1,200 முதல் 1,600 மணி நேரம். தென்னந்தோப்பு மண்ணில் மட்டும் ஓடினால் இதைத் தாண்டும். கட்டடம் இடிக்கும் இடத்தில், உடைந்த கான்கிரீட்டில் ஓடினால் பாதிகூட வராது. காய்ந்த கான்கிரீட் தளத்தில் நின்ற இடத்திலேயே சுழன்று திரும்புவது ரப்பருக்கு அரம் போட்டுத் தேய்ப்பது மாதிரி.

மணி மீட்டரைவிட ட்ராக்கின் கட்டை உயரம் நம்பகமானது. வெளியே தெரியும் ரப்பர்க் கட்டைகள் தேய்ந்து 5 மி.மீ. உயரம் மட்டும் மிஞ்சினால் மாற்றத் தயாராகுங்கள்.

17. ஒரு பக்கம்தான் போச்சு. அது ஒண்ணை மட்டும் மாத்தலாமா?

மற்றது பாதிக்கு மேல் நன்றாக இருந்தால், ஒரு கல்லில் வெட்டுப்பட்டதுதான் காரணம் என்றால், மாற்றலாம். இரண்டும் தேய்ந்திருந்து ஒன்று முந்திக்கொண்டது என்றால் ஜோடியாக மாற்றுங்கள். உயரம் வேறு, பிடிமானம் வேறு என்று ஆகிவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், அதை மோட்டார் குறை என்று நினைத்து அலைவீர்கள்.

கையில் பணம் குறைவு என்று சொல்பவர்களுக்கு நான் சொல்வது: முதலில் ஸ்ப்ராக்கெட்டைப் பாருங்கள். பல வண்டிகளில் இடது வலது ஸ்ப்ராக்கெட்டை மாற்றி மாட்டலாம். பல்லின் தேயாத பக்கம் வேலைக்கு வரும். ஆனால் பல் 6-ஆம் பதிலில் சொன்ன அளவுக்குக் கூர்மையாகிவிட்டால் மாற்றி மாட்டியும் பயனில்லை.

18. புது ட்ராக் போட்டேன். பத்தே நாள்ல திரும்பக் கழண்டுடுச்சு. ஏமாத்திட்டாங்களா?

இதே கோபம் எனக்கும் வந்திருக்கிறது. நான் ஓட்டிய முதல் வண்டியில் ட்ராக் அடிக்கடி கழன்றது. ஓனர் கடன் வாங்கிப் புது ஜோடி போட்டார். இரண்டு வாரத்தில் வலது பக்கம் மறுபடி கழன்று, கொம்பு இரண்டு உடைந்தது. பிரித்துப் பார்த்தால் பின்னால் இருந்து இரண்டாவது ரோலர் இறுகிப்போய் ஒரு பக்கம் சாய்ந்து தேய்ந்திருந்தது. பழைய ட்ராக்கைக் கெடுத்ததும் அதுதான், புது ட்ராக்கைக் கெடுத்ததும் அதுதான். ஒரு ரோலரின் விலை எங்கே, ஒரு ஜோடி ட்ராக்கின் விலை எங்கே. அன்றிலிருந்து ரோலரைக் கையால் சுற்றிப் பார்க்காமல் யாருக்கும் ட்ராக் மாட்டியதில்லை.

உங்களுடையதில் இன்னொரு காரணமும் இருக்கலாம். புது ட்ராக் முதல் சில நாட்களில் கொஞ்சம் தளரும். மாட்டிய அன்று வைத்த டென்ஷன் மூன்றாம் நாள் இருக்காது. முதல் வாரம் தினமும் அளக்க வேண்டும். இரண்டும் சரி என்றால் மட்டும் எண்ணையும் கொம்பு அமைப்பையும் 15-ஆம் பதிலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கடைக்காரரிடம் பேசுங்கள்.

19. செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் போறேன். ட்ராக் புதுசுங்கறாங்க. அப்ப அண்டர்கேரேஜ் நல்லா இருக்குன்னு எடுத்துக்கலாமா?

புது ட்ராக்கைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம்தான் கூடும். விற்கும் முன் ட்ராக்கை மட்டும் மாற்றி, தேய்ந்ததை எல்லாம் அதற்குள் மறைப்பது எளிது. டார்ச் எடுத்துப் போங்கள். ஸ்ப்ராக்கெட் பல்லின் வடிவம், ரோலர்களில் எண்ணெய்த் தடம், ஐட்லரின் ஆட்டம் என்று பாருங்கள். டென்ஷன் வால்வு இருக்கும் ஜன்னலுக்குள்ளும் ஒரு பார்வை. அங்கே பழைய கிரீஸ் கட்டிகட்டியாக வழிந்திருந்தால் சீல் செலவு காத்திருக்கிறது.

அப்புறம் ஒவ்வொரு பக்கமாகத் தூக்கிச் சுற்றவிடச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஒரே வேகமா, சத்தம் ஒன்றா என்று கேளுங்கள். கடைசியாக ஐம்பது மீட்டர் நேராக ஓட்டச் சொல்லி, ஆமையில் ஒருமுறை, முயலில் ஒருமுறை, பின்னால் நின்று ட்ராக் பதிந்த தடத்தைப் பாருங்கள். தடம் வளைந்தால் 10-ஆம் பதிலில் உள்ள செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். வண்டி கழுவி மினுமினுவென்று நின்றாலும், கட்டை கொடுத்துத் தூக்க விடாத ஓனரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.